சிறிய நாய்களுக்கு முடி உதிர்வதும் தோல் அரிப்பதும்: மலையகத்தில் நாய் வளர்ப்போர் காரணத்தைக் கண்டறியும் முறை

பொமரேனியன், டாஷ்ஹண்ட், ஷிட்சு, டெரியர் போன்ற சிறிய நாய்களும் அவற்றின் கலப்பினங்களும் இன்று நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை போன்ற நகரங்களில் மட்டுமன்றித் தோட்டத்து லயங்களிலும் வீட்டுக்குள் வைத்து வளர்க்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று ஓயாமல் சொறியத் தொடங்கினால், அல்லது முதுகில் திட்டுத் திட்டாக முடி உதிர்ந்தால், பெரும்பாலானோர் உடனே ஏதாவதொன்றைப் பூசிப் பார்க்கிறார்கள். முடி உதிர்தலும் அரிப்பும் தம்மளவில் நோய்கள் அல்ல. தெள்ளு, நுண்ணிய சிற்றுண்ணி, பூஞ்சை, பக்டீரியா, ஒவ்வாமை, சுரப்பிக் கோளாறு என ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் தோலில் ஏறக்குறைய ஒரே தோற்றத்தை உண்டாக்குகின்றன. ஒன்றுக்கு உதவும் மருந்து இன்னொன்றுக்குக் கேடாகவும் முடியும். அரிப்பை அடக்கும் ஸ்டீரொய்ட் களிம்பு ஒவ்வாமைக்குச் சற்று ஆறுதல் தரும். அதையே படர்தாமரைக்கோ டெமோடெக்ஸ் என்னும் சிற்றுண்ணி நோய்க்கோ பூசினால் நோய் விரைவாகப் பரவும். ஆகவே, காரணம் எதுவாக இருக்கலாம் என்று ஓரளவேனும் தெரியும் வரை எதையும் பூசாதிருப்பதே நாய்க்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவியாகும்.

முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அரிப்பு முந்தி வந்ததா, முடி உதிர்வு முந்தி வந்ததா? நாய் சில நாட்களாகவே சொறிந்தும் நக்கியும் கடித்தும் வந்து, அதன் பின்னர் அந்த இடத்தில் முடி குறைந்திருந்தால், முடி வேரோடு உதிரவில்லை, நாயே அதை முறித்திருக்கிறது என்று கொள்ளலாம். அத்தகைய இடத்தில் விரலால் தடவினால் முறிந்த முடியின் நுனிகள் முரடாகத் தட்டுப்படும். வெள்ளை நிற நாயாயின் நக்கிய இடத்து முடி எச்சிலால் செம்பழுப்பு நிறமாக மாறியிருக்கும். இதற்கு மாறாக, நாய் சொறியாமலே முடி கொத்துக் கொத்தாகக் கழன்று, அடியில் தோல் வழவழப்பாகவோ கறுத்தோ தெரிந்தால், சிந்தனை வேறு திசையில் செல்ல வேண்டும். மிருக வைத்தியரும் இக்கேள்வியையே முதலில் கேட்பார். வீட்டில் பலர் இருந்தால் எல்லோரிடமும் விசாரித்து விடையைத் தெரிந்துகொள்ளுங்கள். பகலில் நாயோடு இருக்கும் பாட்டி கவனித்ததை வேலைக்குப் போய்வருபவர் கவனித்திருக்கமாட்டார்.

அடுத்தது, உடலின் எந்த இடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது. வெயில் உள்ள நேரத்தில் நாயை வாசலில் ஒரு மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து நிறுத்தி, முடியை எதிர்த் திசையில் விலக்கி, மூக்கிலிருந்து வால் நுனி வரை முழுவதும் பாருங்கள். காதின் உட்புறம், விரலிடுக்குகள், அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். வாலடியிலும் இடுப்பின் மேற்புறத்திலும் முடி குறைந்திருந்தால் தெள்ளை நினைக்க வேண்டும். காது மடலின் விளிம்பும் முழங்கைகளும் பொருக்குத் தட்டியிருந்தால் சார்கோப்டிஸ் என்னும் சிற்றுண்ணியால் வரும் சொறியை நினைக்க வேண்டும். கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் முன்னங்கால்களிலும் சிறு வழுக்கைகள் தோன்றியிருந்தால் டெமோடெக்ஸ் ஆக இருக்கலாம். பாதம், முகம், காது, அக்குள் ஆகியவை சிவந்து அரித்தால் ஒவ்வாமையும், இரு விலாப்புறங்களிலும் ஒரே அளவில் முடி குறைந்திருந்தால் சுரப்பிக் கோளாறும் நினைவுக்கு வர வேண்டும். இவை திசை காட்டுபவை மட்டுமே. ஒரே நாயில் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பதும் வழமை. பார்த்த இடங்களைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்து, வாரத்துக்கு ஒரு முறை அதே இடங்களை மீண்டும் எடுத்தால் நோய் பரவுகிறதா, தணிகிறதா என்பது தெளிவாகத் தெரியும்.

தெள்ளும் உண்ணியும்

சொறியும் நாயில் முதலில் தேட வேண்டியது தெள்ளையே. "எங்கள் ஊர்க் குளிருக்குத் தெள்ளு வராது" என்று நுவரெலியாப் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். குளிரும் வறட்சியும் தெள்ளின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துவது உண்மைதான். ஆனால், அடுப்பெரியும் குசினியின் மூலையிலும் நாய் படுக்கும் சாக்கிலும் வெளியிலுள்ள குளிர் இருப்பதில்லை. அங்கே தெள்ளுக்குத் தேவையான வெதுவெதுப்பும் ஈரப்பதனும் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடக்கூடும். அவை நாயின் உடலில் ஒட்டியிருப்பதில்லை. உதிர்ந்து படுக்கையிலும் தரை வெடிப்புகளிலும் விழுகின்றன. அங்கே புழுவாகி, கூடு கட்டி, கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அவற்றால் முடியும். நாயின் மேல் நாம் காண்பது மொத்தத்தில் மிகச் சிறு பங்கே என்பதால், நாயை மட்டும் கவனித்து வீட்டைக் கவனிக்காவிட்டால் இரண்டு வாரத்தில் மறுபடியும் தொல்லை தொடங்கும்.

தெள்ளே கண்ணில் படாவிட்டாலும் அதன் எச்சத்தைக் காணலாம். பேன்சீப்பால் வாலடியிலிருந்து வாரி, சீப்பில் வரும் கறுப்புத் துகள்களை நனைத்த வெள்ளைத் துணியில் வையுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் ஊறினால் அது தெள்ளு உறிஞ்சிக் கழித்த இரத்தம். ஊறாவிட்டால் வெறும் மண். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்கு ஓரிரு கடிகளே பல நாள் அரிப்பைத் தரும். அத்தகைய நாய் தன்னைத்தானே ஓயாமல் கடிப்பதால் தெள்ளுகளை விழுங்கியும் விடுகிறது. ஆகவே ஒன்றும் அகப்படவில்லை என்பதற்காகத் தெள்ளில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

படுக்கைச் சாக்கையும் துணியையும் கொதிநீரில் அலசி வெயிலில் காயவையுங்கள். பழைய சாக்கு என்றால் எரித்துவிடுவதே மேல். கட்டிலின் அடியையும் சுவரோரங்களையும் நன்றாகப் பெருக்கிக் குப்பையை வெளியேற்றுங்கள். வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்திட வேண்டும்; ஆனால் நாய்க்கான மருந்தைப் பூனைக்கு இடக்கூடாது. நாய்களின் கழுத்தில் விடும் துளிமருந்துகள் சிலவற்றிலுள்ள பெர்மெத்ரின் என்னும் பூச்சிகொல்லி பூனையைக் கொல்லக்கூடியது. துளிமருந்து விடுவதற்கு இரண்டு நாட்கள் முன்னும் பின்னும் நாயைக் குளிப்பாட்டாதிருப்பது பொதுவாக நல்லது.

உண்ணி பெரும்பாலும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் கழுத்துப் பட்டியின் கீழும் ஒட்டியிருக்கும். தேயிலைச் செடிகளுக்கிடையிலும் புல் நிலத்திலும் அலையும் நாய்க்கு அது அடிக்கடி ஏறும். உண்ணியால் தோல் அரிப்பதைவிட அது பரப்பும் காய்ச்சலே பெரிய ஆபத்து. சாப்பிட மறுத்துச் சோர்ந்து கிடக்கும் நாயின் ஈறு வெளிறியிருந்தாலோ, சிறுநீர் கடுஞ்சிவப்பாகப் போனாலோ தோலைப் பற்றிய யோசனையை ஒதுக்கிவிட்டு அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள்

சார்கோப்டிஸ் என்ற சிற்றுண்ணி தோலைக் குடைந்து அதற்குள் முட்டையிடுகிறது. இதனால் ஏற்படும் அரிப்பு மிகக் கடுமையானது; நாய் இரவில் தூங்காது, உணவின் நடுவிலும் எழுந்து சொறியும். காது மடலின் விளிம்பை விரல்களுக்கிடையில் வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். அப்போது நாய் பின்னங்காலைத் தானாகவே உதறிச் சொறிய முயன்றால் இந்நோய்க்கான ஐயம் வலுப்படுகிறது. பஸ் தரிப்பிடங்களிலும் கடைத்தெருவிலும் சொறி பிடித்துத் திரியும் நாய்களோடு ஒரு முறை உரசினாலே இது தொற்றிவிடும். மனிதருக்கும் தொற்றி, நாயைத் தூக்கிவைத்திருப்பவரின் முன்கையிலும் வயிற்றிலும் சிவந்த பருக்களை உண்டாக்கும். நாய்க்கு நோய் தீர்ந்ததும் மனிதருக்கு வந்தது பொதுவாகத் தானாகவே அடங்கிவிடும். வீட்டில் நாயோடு சேர்ந்து பிள்ளைகளும் சொறிகிறார்களென்றால் அதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையில் இச்சிற்றுண்ணி பல தடவைகளில் அகப்படாமல் போவதால், இது போன்ற செய்தி அவருக்குச் சோதனை முடிவைப் போலவே பெறுமதியானது.

டெமோடெக்ஸ் இதற்கு நேர்மாறானது. பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு வந்து, முடியின் வேர்ப்பைக்குள் எவ்விதத் தீங்குமின்றி வாழும் சிற்றுண்ணி இது. ஏறக்குறைய எல்லா நாய்களிடமும் உண்டு. குட்டியின் எதிர்ப்புச் சக்தி முதிராதபோது, அல்லது வயதான நாய் வேறு நோயால் பலவீனமுறும்போது, இது அளவுக்கு மீறிப் பெருகி முடியை உதிர்க்கிறது. முதலில் அரிப்பு இருக்காது. பக்டீரியாத் தொற்றுச் சேர்ந்த பின்னரே அரிக்கும். மற்ற நாய்களுக்கோ மனிதருக்கோ இது தொற்றாது. குட்டியின் முகத்தில் ஓரிரு திட்டுகள் மட்டும் இருந்தால், நல்ல உணவும் குடற்புழு நீக்கமும் கொடுத்துக் கவனித்துவந்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். திட்டுகள் பெருகினாலோ பாதங்கள் வீங்கினாலோ காத்திருக்கக் கூடாது.

இவ்விரண்டுக்கும் இன்று நல்ல மருந்துகள் உண்டு. ஃப்ளூரலேனர், அஃபோக்சோலேனர், சரோலேனர் ஆகியவை அடங்கிய மாத்திரைகள் 2013ஆம் ஆண்டு முதல் வந்தவை. தெள்ளு, உண்ணி ஆகியவற்றோடு இச்சிற்றுண்ணிகளையும் அவை கொல்கின்றன. நாயின் எடைக்கேற்ற பொதியாகவே அவற்றை வாங்க வேண்டும். பெரிய நாய்க்குரிய மாத்திரையை வாங்கித் துண்டுபோட்டுக் கொடுப்பது முறையன்று. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாயென்றால் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் கூறிவிட வேண்டும். நடுக்கம், வலிப்பு ஆகிய பக்கவிளைவுகள் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது.

தோட்டப் பகுதிகளில் மாடு வளர்ப்போரிடம் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணிக்கொல்லி ஊசிமருந்து இருப்பதுண்டு. அதை நாய்க்கும் போட்டுவிடும் பழக்கமும் இருக்கிறது. இதைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூற வேண்டியிருக்கிறது. மாட்டுக்கான அம்மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் வழமையாக 10 மில்லிகிராம் மருந்து உண்டு. சில நூறு கிலோ எடையுள்ள மாட்டை எண்ணித் தயாரித்த அதை 3 கிலோ நாய்க்குச் செலுத்தும்போது சிரிஞ்சில் ஏற்படும் சிறு பிழையும் பல மடங்கு மிகையளவாகிவிடும். தள்ளாட்டம், பார்வையிழப்பு, மயக்கம், மரணம் என்று அதன் விளைவு போகும். கொலி இன நாய்களிலும் அவற்றின் கலப்புகளிலும் மரபணுக் காரணமாக மிகக் குறைந்த அளவே நஞ்சாகக்கூடும்.

ஈரமும் அதனால் வருபவையும்

மலையகத்துக்கே உரிய பெருங்காரணம் ஈரம் என்பது என் உறுதியான கருத்து. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் நாட்கணக்கில் விடாது பெய்கிறது. பதுளை, பண்டாரவளை, வெலிமடை பக்கத்தில் ஆண்டின் கடைசி மாதங்களில் மழை அதிகம். துணியே காயாத அந்நாட்களில் இரட்டை அடுக்கு முடியுள்ள பொமரேனியனின் அடிமுடி எப்படிக் காயும்? மேலே தடவினால் உலர்ந்திருப்பதுபோலத் தோன்றும். விரலை அடியில் நுழைத்தால் ஈரம் புரியும். அந்த ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் தோலில் இயல்பாக வாழும் மலசீசியா என்ற பூஞ்சையும் ஸ்டஃபைலோகொக்கஸ் பக்டீரியாவும் பெருகுகின்றன.

பூஞ்சை பெருகிய தோலை மூக்கே காட்டிக்கொடுக்கும். பழைய எண்ணெய் போன்ற புளித்த வாடை வீசும், தோல் பிசுபிசுக்கும், காதிலிருந்து பழுப்பு அழுக்கு வரும், நாட்பட்டால் அக்குளும் கழுத்தின் அடியும் கறுத்துத் தடித்துப்போகும். பக்டீரியாவானால் சிறு சீழ்ப் பருக்கள் தோன்றி உடைந்து, வட்டமாகச் செதில் விளிம்பு கட்டும். அந்த வட்டத்தைப் படர்தாமரை என்று எண்ணி மருந்து பூசுவோர் பலர். உண்மையான படர்தாமரை வேறொரு பூஞ்சையால் வருவது. முடி முறிந்து, சாம்பல் பூத்தாற்போன்ற செதிலுடன் வட்டமாகப் பரவும், அரிப்பு மிகக் குறைவாகவே இருக்கும், பிள்ளைகளுக்கு எளிதில் தொற்றும். சில வைத்தியர்கள் ஊதா ஒளி விளக்கால் பார்ப்பார்கள். எல்லா வகைப் பூஞ்சையும் அவ்வொளியில் மிளிர்வதில்லை என்பதால் முடியை எடுத்து வளர்ப்புச் சோதனை செய்வதே நம்பத்தக்கது. அதன் முடிவு வர இரண்டு மூன்று வாரங்களாகலாம். அதுவரை நாயைத் தொட்டபின் கையைக் கழுவுவதும், பிள்ளைகளின் படுக்கையில் அதை ஏற்றாதிருப்பதும் அவசியம்.

பூஞ்சை, பக்டீரியா இரண்டுக்கும் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிகொல்லி கலந்த நாய் ஷாம்பூ பெரும் துணை. மைகொனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லியும் சேர்ந்திருந்தால் பூஞ்சைக்கு இன்னும் நல்லது. பயன்தராமற்போவதற்கு முதற்காரணம் அவசரம். இளஞ்சூட்டு நீரில் நாயை முழுவதும் நனைத்து, நுரை தோல் வரை இறங்கும்படி விரலால் தேய்த்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடங்கள் அப்படியே விட வேண்டும். குளிரும் என்பதால் இதை நண்பகலில், காற்றடிக்காத இடத்தில் செய்யுங்கள். பீலித் தண்ணீரில் நிறுத்திக் குளிப்பாட்டுவது சிறிய நாயின் உடற்சூட்டை வெகுவாகக் குறைத்துவிடும். அலசிய பின் துவாயால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றி எடுத்து, அடிமுடி வரை காயும்படி மெல்லிய சூட்டில் முடி உலர்த்தியைப் பிடியுங்கள். நோயுள்ளபோது வாரம் இரு முறை இவ்வாறு செய்யலாம். மழையில் நனைந்து வரும் ஒவ்வொரு முறையும் வயிற்றையும் பாதங்களையும் துடைத்துக் காயவைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காப்பு.

ஊவாப் பக்கத்தில் ஆண்டின் நடுவில் வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். தோல் வறண்டு பொடுகு பறக்கும்; அப்போது அடிக்கடி குளிப்பாட்டுவதே அரிப்பைக் கூட்டும். மனிதருக்கான சவர்க்காரம் எந்தக் காலத்திலும் பொருந்தாது.

ஒவ்வாமை

தெள்ளுமில்லை, சிற்றுண்ணியுமில்லை, தொற்றைத் தீர்த்தபின்னும் நாய் பாதத்தை நக்குகிறது, காது அடிக்கடி புண்ணாகிறது என்றால் ஒவ்வாமையைக் கருத வேண்டும். தூசிச் சிற்றுண்ணி, புல், பூஞ்சை வித்து ஆகியவற்றால் வருவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தொடங்கும். முற்றாகத் தீராது, ஆனால் நன்றாகக் கட்டுப்படுத்தலாம். களைகொல்லி தெளித்த தேயிலை மலையில் நடந்த பின்னர் வயிறும் பாதங்களும் மட்டும் சிவந்தால் அது இரசாயன எரிச்சலாகவும் இருக்கலாம். தெளித்த நாட்களில் நாயைக் கட்டிவையுங்கள், போய்விட்டால் கால்களை உடனே கழுவுங்கள்.

உணவு ஒவ்வாமையை இரத்தச் சோதனையால் நம்பகமாகக் கண்டறிய முடியாது. நாய் இதுவரை உண்ணாத ஒரு புரதமும் ஒரு மாப்பொருளும் மட்டும் எட்டு வாரங்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதே வழி. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவையே நாய்களில் அதிகமாக ஒவ்வாமை தருவதாக அறியப்பட்டவை. நம் வீடுகளில் கோழி எலும்பும் ரொட்டியும் பால்மாத் தேநீரில் நனைத்த பிஸ்கட்டும்தானே அவற்றின் அன்றாட உணவு. ஆட்டிறைச்சியை முன்பு உண்டிராத நாய்க்கு அதனுடன் தோல் சீவி அவித்த உருளைக்கிழங்கைச் சேர்த்துக் கொடுக்கலாம். உப்பு, மசாலா, வெங்காயம், உள்ளி எதுவும் சேரக்கூடாது. வளரும் குட்டிக்கு இத்தகைய உணவில் கல்சியம் போதாது என்பதால் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். எட்டு வாரத்தில் அரிப்பு அடங்கி, பழைய உணவைத் திரும்பக் கொடுத்ததும் இரண்டு வாரத்துக்குள் மீண்டும் வந்தால் காரணம் உறுதியாகிறது. லயத்தில் இதைச் செய்வது கடினம், ஏனெனில் அடுத்த காம்பராவிலிருந்து அன்பாக ஒரு துண்டு ரொட்டி வந்துவிடும். ஒரு துண்டே சோதனை முழுவதையும் வீணாக்கும் என்பதை அயலவருக்கும் பிள்ளைகளுக்கும் முதலிலேயே விளக்கிவிடுங்கள்.

அரிப்பில்லாமல் முடி போனால்

நடுவயதைத் தாண்டிய நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வயிறு தொங்கி, இரு புறமும் முடி குறைந்து வந்தால் குஷிங் என்னும் சுரப்பி நோயாக இருக்கலாம். டாஷ்ஹண்ட், பூடில், டெரியர் ஆகிய சிறிய இனங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. உணவைக் கூட்டாமலே எடை ஏறி, மந்தமாகி, குளிரைத் தாங்காமல், வால் எலிவால்போல் முடியிழந்தால் தைரொய்ட் குறைபாட்டை நினைக்க வேண்டும். இரண்டையும் இரத்தச் சோதனையால் ஆராயலாம், இரண்டுக்கும் மருந்துண்டு. குட்டி போட்டுச் சில வாரங்களில் தாய்க்கு முடி கொட்டுவது இயல்பு. அடுப்போரத்திலேயே நாள்தோறும் படுக்கும் நாய்க்கு அடுப்பைப் பார்த்த பக்கத்தில் மட்டும் முடி போய்த் தோல் வலைபோல் கறுப்பதுண்டு. படுக்கையை நகர்த்தினால் போதும்.

பொமரேனியன்களில், அதிலும் ஆண் நாய்களில், உடல் நலமாக இருக்கும்போதே உடம்பிலும் தொடையிலும் முடி போய்த் தோல் கறுப்பதும், தலையிலும் கால்களிலும் மட்டும் முடி எஞ்சுவதும் தனியான ஒரு நிலை. இது தோற்றக் குறையே தவிர உயிருக்கு ஆபத்தானதன்று. வேறு காரணங்களைச் சோதித்து விலக்கிய பின்னரே இம்முடிவுக்கு வரலாம். இவ்வினத்தின் முடியை ஒட்டச் சிரைத்தாலும் சில நாய்களில் மீண்டும் வளர மாதங்களாகும், சிலவற்றில் ஒழுங்காக வளராமலே போகும். தெள்ளுக்காகவோ அழகுக்காகவோ பொமரேனியனை மொட்டையடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சனவரி இரவில் உறைபனி படியும்போது முடியில்லாத சிறிய நாய்க்குப் பருத்தி உட்துணி வைத்துத் தைத்த கம்பளிச் சட்டை மருந்துக்கு ஒப்பானது. அதை நாள்தோறும் கழற்றித் தோலைப் பார்த்து, ஈரமானால் மாற்ற வேண்டும்.

பூசக் கூடாதவையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டியவையும்

மண்ணெண்ணெய், பழைய இயந்திர எண்ணெய், டெட்டோல், மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆகிய எதையும் நாயின்மேல் பூசாதீர்கள். நாய் பூசியதை நக்கி விழுங்கும். உடல் சிறிதாக இருப்பதால் நஞ்சு விரைவில் ஏறும். பூச்சிமருந்து பட்ட நாய்க்கு எச்சில் வழிந்து, தசை துடித்து, வாந்தியெடுத்தால் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உள்ளியை மருந்தாகக் கொடுப்பதும் தவறு. உள்ளியும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை அழிப்பவை.

பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ தனியார் சிகிச்சை நிலையத்திலோ முதலில் காட்டலாம். சிக்கலான நோயாயின் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். போவதற்கு முந்திய சில நாட்களில் குளிப்பாட்டாதீர்கள், எதையும் பூசாதீர்கள். கழுவிய தோலில் சோதனைக்குரிய தடயம் குறைந்துவிடும். எடுத்த படங்களையும், கொடுத்த மருந்துகளின் உறைகளையும், நாய் உண்பவற்றின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்க்குமாறு நீங்களே கேட்கலாம். செலவு குறைந்த, சில நிமிடங்களில் முடியும் சோதனை அது. டெமோடெக்ஸ் என்று தெரிந்தால், முடி வளர்ந்துவிட்டதென்று மருந்தை நிறுத்திவிடாமல், ஒரு மாத இடைவெளியில் இரு முறை சுரண்டிப் பார்த்து இரண்டிலும் சிற்றுண்ணி இல்லையென்று உறுதியாகும் வரை தொடர வேண்டும்.